வாரிங்டன் சலூன்: முடிவெட்டு 12 பவுண்டு, கோப்பைக் கணக்கு இலவசம்

இங்கிலாந்தில் இருக்கிற வாரிங்டனுக்குப் புதிதாகக் குடிவருகிற நம்மவர்களில் யாராவது ஒருவர் மாதம் தவறாமல் கேட்கிறார்: இங்கே முடி வெட்டிக்கொள்ள எங்கே போவது? ஒவ்வொரு தடவையும் நான்கு வரியில் பதில் சொல்லி அலுத்துவிட்டது. ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். நான் போகிற கடையில் பேச்சு முழுக்கக் கால்பந்துதான், அது பிடிக்காதவர்கள் கடைசியில் இருக்கும் விலை விவரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். அவர்களுக்கு இந்தக் கடை சரிப்படுமா என்பது வேறு விஷயம்.

கடையின் பெயரைப் போடவில்லை. எழுதப்போகிறேன் என்றதும், "பெயரை மட்டும் போட்டுவிடாதே நண்பா, கூட்டம் வந்தால் பேச நேரமிருக்காது" என்று அங்கே முடி வெட்டுகிற பெரியவர் கேட்டுக்கொண்டார். பாங்க் கீ ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. இரண்டே நாற்காலி. வாசலில் சிவப்பு வெள்ளைக் கம்பம், ஆனால் அது சுழன்று நான் பார்த்ததில்லை. உள்ளே வாடிக்கையாளர்கள் உட்கார ஒரு நீள பெஞ்ச், அதற்கு எதிரே ஒரு கரும்பலகை. விஷயமே அந்தக் கரும்பலகைதான்.

2018 நவம்பரில் முதல்முறை போனேன். அதற்கு முந்தைய மாதம் டவுனில் ஒரு கடையில் ஏழு நிமிடத்தில் வெட்டிவிட்டு அனுப்பினார்கள். செயலியில் நேரம் பதிய வேண்டும், திரையில் எண் வரும், போய் உட்கார வேண்டும், எழுந்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்தபோது மனைவி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "யாரு பெத்த பிள்ளையோ" என்றாள். அந்தப் பயத்தில்தான் இந்தக் கடைக்குள் எட்டிப் பார்த்தேன். கரும்பலகையில் பெரிய எழுத்தில் 18 – 20 என்று எழுதியிருந்தது. முடிவெட்டு மட்டும் என்றால் 18 பவுண்டு, தாடியோடு சேர்த்தால் 20 என்று நினைத்துக்கொண்டேன். கட்டுப்படியாகாது என்று திரும்பினேன். "என்ன, எந்தப் பக்கம் ஆள் நீ?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

அது விலை இல்லை. லிவர்பூல் கால்பந்து கிளப் அதுவரை வென்றிருந்த இங்கிலாந்து லீக் பட்டங்கள் 18, மான்செஸ்டர் யுனைடெட் வென்றவை 20.

வாரிங்டனுக்கு மேற்கே லிவர்பூல், கிழக்கே மான்செஸ்டர், ஏறக்குறைய சம தூரம். ஊருக்கு என்று இருப்பது ரக்பி லீக் அணிதான். கால்பந்து என்று வந்தால் ஒரே தெருவில் இரண்டு கட்சி, சில வீடுகளில் ஒரே வீட்டில் இரண்டு கட்சி. இந்தக் கடையே அப்படித்தான். ஜன்னல் பக்க நாற்காலியில் வெட்டுகிற பெரியவர், எழுபதைத் தாண்டியவர், யுனைடெட். உள் நாற்காலியில் வெட்டுகிறவர் அவருடைய மகளைக் கட்டிய மருமகன், லிவர்பூல். மருமகன் மாமனாரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். ஏழு வருஷமாகியும் எனக்கு அது காதில் கூசுகிறது. இரண்டு கட்சிக்கும் கொடி சிவப்புதான் என்பதால் கடைக்கு என்ன பெயின்ட் அடிப்பது என்பதில் மட்டும் தகராறு வந்ததில்லையாம்.

முதலில் முடிவெட்டைச் சொல்கிறேன். பெரியவர் கத்தரிக்காரர். மெஷினைப் பிடரிக்கு மட்டும்தான் எடுப்பார். மற்றதெல்லாம் சீப்பில் முடியைத் தூக்கிப் பிடித்துக் கத்தரியால் வெட்டுவதுதான். நம்முடைய முடி தடிப்பு, வெட்டின அன்றைக்குப் படியும், மூன்றாம் நாள் முள்ளாக நிற்கும். முதல் நாளே அவர் விரலால் அளைந்து பார்த்துவிட்டு, உச்சியில் இருந்த சுழியைக் கண்டுபிடித்து, "இதற்கு எதிராக வெட்டினவன் எவன்?" என்று கேட்டார். ஊரில் எங்கள் தெருமுனை அண்ணாச்சிக்குப் பிறகு அந்தச் சுழியைப் பற்றிக் கேட்ட முதல் ஆள். கடைசியில் சவரக்கத்தியால் பிடரியில் கோடு போட்டு, சூடான துண்டு ஒன்றைப் போர்த்தி, பவுடர் போட்டுத் தட்டிவிடுவார். மருமகன் மெஷின்காரர். பக்கங்களில் படிப்படியாகக் குறைந்துகொண்டே போகிற, பையன்கள் கேட்கிற ஃபேடு அவரிடம் அருமையாக வரும்.

ஆனால் கத்தரி நிற்கும். பேச்சு சூடாகிவிட்டால் நின்றுவிடும். சவரக்கத்தி உங்கள் காதுக்குப் பின்னால் இருக்கும்போது பெஞ்சிலிருந்து யாராவது ஃபேர்ஸ் கோப்பை என்ற பழைய ஐரோப்பியப் போட்டியும் கணக்கில் சேருமா என்று கேட்டார்கள் என்றால், நீங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இங்கே முதல் விதி: நாற்காலியில் இருப்பவர் எந்தக் கட்சிக்கும் தலையாட்டக் கூடாது.

இரண்டாவது விதிதான் எனக்கு இந்தக் கடையைப் பிடிக்கக் காரணம். கரும்பலகையில் எண் எழுதுவதற்கு முன்னால் எதை எண்ணுகிறாய் என்று சொல்லிவிட வேண்டும். எண்ணை முதலில் சொல்லிவிட்டு முறையைப் பிறகு தேடக் கூடாது. விதியைப் போட்டவர் பெரியவர். அதை அதிகம் மீறுகிறவரும் அவர்தான்.

பெஞ்சில் எப்போதும் இருக்கிறவர் ஒருவர், ஓய்வு பெற்ற தபால்காரர், லிவர்பூல் நகரத்தின் இன்னொரு கிளப்பான எவர்டனின் ரசிகர். தலையில் வெட்டுவதற்கு ஒன்றும் கிடையாது, செய்தித்தாளுக்கும் டீக்கும் வருகிறார். அவருடைய முறை கோப்பையை எண்ணுவது இல்லை, சீசனை எண்ணுவது. இங்கிலாந்தின் மேல் டிவிஷனில் அதிக சீசன் ஆடிய கிளப் எவர்டன். 1954-இல் மேலே ஏறியது, அதன்பின் இறங்கவேயில்லை. அந்த 1954-லேயே லிவர்பூல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கி, 1962-இல்தான் திரும்பிவந்தது. யுனைடெட் 1974-இல் இறங்கி அடுத்த வருஷமே ஏறியது. "பட்டத்தைக் கூட்டுகிறவன் இறக்கத்தைக் கழிக்க வேண்டாமா? வங்கியில் வரவை மட்டும் எழுதுவார்களா?" என்பார். நியாயமான கேள்விதான். ஆனால் அப்படிக் கழித்தாலும் ஒன்பது பட்டம் வைத்திருக்கிற எவர்டன் மேலே வந்துவிடாது என்று மருமகன் சொன்னால், செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

இன்னொன்றையும் அவர் விடமாட்டார். எவர்டனின் முதல் லீக் பட்டம் 1890-91 சீசனில் வந்தது. அப்போது அவர்கள் ஆடியது எந்த மைதானத்தில்? இன்றைக்கு லிவர்பூல் ஆடுகிற ஆன்ஃபீல்டில். மறு வருஷம் வாடகைத் தகராறில் எவர்டன் மூட்டைகட்டிக்கொண்டு குடிசன் பார்க்குக்குப் போக, காலி மைதானத்தோடு நின்ற சொந்தக்காரர் ஜான் ஹோல்டிங் ஆரம்பித்ததுதான் லிவர்பூல். ஆக, ஆன்ஃபீல்டில் ஜெயித்த முதல் பட்டம் எவர்டனுடையது. "வாடகைக்காரன் மாறினால் பழையவன் வாங்கின மெடலும் மாறிவிடுமா?" என்று கேட்பார். யாரும் மாறும் என்று சொன்னதில்லை, இருந்தாலும் கேட்பார். 2025-இல் எவர்டன் குடிசனையும் விட்டுத் துறைமுகக்கரை மைதானத்துக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் இன்னும் அதிகமாகக் கேட்கிறார்.

ஒரு கணக்கை மட்டும் அவர் சத்தமாகச் சொல்வதில்லை. 1985-இலும் 1987-இலும் எவர்டன் லீக் சாம்பியன். ஆனால் இங்கிலாந்து கிளப்புகளுக்கு ஐரோப்பாவில் ஆடத் தடை இருந்ததால் ஐரோப்பியக் கோப்பைக்குப் போகவே முடியவில்லை. அந்தத் தடைக்குக் காரணம், 1985-இல் பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல் ஆடிய இறுதி ஆட்டத்தில் நடந்த கலவரம். அதில் 39 பேர் இறந்துபோனார்கள். அதற்குமேல் கோப்பையைப் பற்றி என்ன பேசுவது என்பது அவருக்குத் தெரியும். அதேபோல 1958 பிப்ரவரி 6-இல் மியூனிக்கில் யுனைடெட் அணியின் விமானம் விழுந்ததையும், 1989 ஏப்ரல் 15-இல் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் இறந்ததையும் இந்தக் கடையில் யாரும் வாதத்துக்கு இழுக்கக் கூடாது. புதிதாக வந்த ஒரு பையன் ஒருநாள் கேலியாக ஏதோ ஆரம்பித்தான். பெரியவர் அவன் மேல் போர்த்தியிருந்த துணியைப் பாதி வெட்டிலேயே அவிழ்த்துவிட்டார். காசும் வாங்கவில்லை.

சனிக்கிழமைகளில் பிரஸ்டன்காரர் ஒருவர் வருவார், டாக்சி ஓட்டுகிறவர். இவருடைய முறை இன்னும் எளிது: எல்லாமே 1889-இல் முடிந்துவிட்டது. 1888-இல் பன்னிரண்டு கிளப்புகளோடு தொடங்கிய லீக்கின் முதல் சீசனில் பிரஸ்டன் நார்த் எண்ட் 22 ஆட்டம் ஆடி 18 வெற்றி, 4 சமன். தோல்வியே இல்லை. அதே வருஷம், தோற்றவர் வெளியேறுகிற போட்டியான எஃப்.ஏ. கோப்பையை ஒரு கோல்கூட வாங்காமல் ஜெயித்தது. தோற்காமல் லீக்கை முடித்த ஆர்சனல் 2003-04-இல் 38 ஆட்டத்தில் 26 வெற்றி, 12 சமன். "சதவீதம் போட்டுப் பாருங்கள்" என்பார். போட்டுப் பார்த்தேன், பிரஸ்டன் 82, ஆர்சனல் 68. "அப்போது கோல் கம்பத்தில் வலைகூடக் கிடையாது, பெனால்டியே 1891-இல்தான் வந்தது" என்று மருமகன் சொன்னால், "அப்புறம் என்ன, பெனால்டி இல்லாமல் ஜெயித்ததற்கு இன்னும் மதிப்பு" என்று திருப்பிவிடுவார்.

இப்படி ஆளாளுக்கு ஒரு தராசு. ஏழு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து நான் கண்டது இதுதான்: யார் எந்த முறையைச் சொன்னாலும் அது எந்த இடத்தில் போய் நிற்கும் என்பது சொல்கிறவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. விடையை வைத்துக்கொண்டு கேள்வியை எழுதுகிறார்கள். என் மகன் ஒருவன்தான் விதிவிலக்கு என்று நினைத்தேன். அவனும் அப்படித்தான்.

அவன் 2015 செப்டம்பரில் பிறந்தவன், மான்செஸ்டர் சிட்டி ரசிகன். 2025 ஜூலையில் அழைத்துக்கொண்டு போனேன். நாற்காலியின் இரண்டு கைப்பிடி மேலும் ஒரு பலகையைப் போட்டு உட்காரவைத்தார் பெரியவர். அந்தப் பலகைக்குத் தான் பெரியவனாகிவிட்டேன் என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தவன், எந்த கிளப் பெரியது என்று சமாதானத்துக்காகக் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னான். முறையைச் சொல்லு முதலில் என்றார்கள். "நான் பிறந்த பிறகு நடந்தது மட்டும்" என்றான். பத்து சீசன். லீக் பட்டம் சிட்டி 6, லிவர்பூல் 2, லெஸ்டர் 1, செல்சி 1. யுனைடெட்?

"பூஜ்யம். பிரஸ்டன் மாதிரி."

கடை ஒரு நிமிடம் அமைதியாகிவிட்டது. பிறகு எவர்டன்காரர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சிரிக்க ஆரம்பித்தார். பெரியவர் சளைக்கவில்லை. "சிட்டி 1937-இல் சாம்பியன், அடுத்த வருஷமே டிவிஷனில் எல்லாரையும்விட அதிகமாக 80 கோல் அடித்துவிட்டு இறங்கிப்போன கிளப், தெரியுமா? 1999-இல் மூன்றாம் அடுக்கில் கிடந்தது, தெரியுமா?" பையனுக்குத் தெரியாது. ஆனால் 80 கோல் அடித்தும் எப்படி இறங்க முடியும் என்பதில் அவனுக்கு ஆர்வம் வந்துவிட்டது. அடித்ததைவிடக் கொஞ்சம்தான் கம்மியாக வாங்கியிருந்தார்கள், ஆனால் வாங்கிய நாள் சரியில்லை என்று பெரியவர் விளக்கினார். அவர் பேசி முடித்தபோது பையனுக்கு இடது காதுக்கு மேல் கொஞ்சம் அதிகமாகவே போயிருந்தது.

பையனை விட்டுவிடுங்கள், பெரியவர்களும் அதையேதான் செய்கிறார்கள். 1992-இல் பிரீமியர் லீக் வந்த பிறகுதான் கால்பந்து பிறந்தது என்பது போலத் தொலைக்காட்சியில் பேசுகிறார்கள். அந்தக் கணக்கில் யுனைடெட் 13, லிவர்பூல் 2. பெரியவருக்கு இது வசதி, ஆனாலும் எடுக்கமாட்டார். எடுத்தால் தன்னுடைய 1908, 1911, 1952, 1956, 1957, 1965, 1967 எல்லாம் போய்விடுமே. சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தது அந்தக் கடைசி இரண்டும். "என் அப்பாவையும் சேர்த்து அழித்துவிட்டு 13 எதற்கு?" என்றார் ஒருநாள், கத்தரியைத் துடைத்துக்கொண்டே.

காசு விஷயமும் அடிக்கடி வரும். 1959-இலிருந்து 1965 வரை ஏழு சீசனில் ஏழு வெவ்வேறு சாம்பியன்: வுல்வ்ஸ், பர்ன்லி, ஸ்பர்ஸ், இப்ஸ்விச், எவர்டன், லிவர்பூல், யுனைடெட். 1961 வரை ஆட்டக்காரர் சம்பளத்துக்கு வாரம் 20 பவுண்டு என்று உச்சவரம்பு இருந்தது. டிக்கெட் வசூலில் விருந்தாளிக் கிளப்புக்கும் பங்கு போகும். 1983-இல்தான் அதை நிறுத்தினார்கள். பர்ன்லி மாதிரி சின்ன ஊர் அந்தக் காலத்தில் ஜெயிக்க முடிந்தது. அப்படியானால் அன்றைக்கு வாங்கிய ஒரு பட்டம் இன்றைய இரண்டுக்குச் சமமா? இதற்கு இங்கே யாரிடமும் பதில் கிடையாது. கிடையாது என்பதால்தான் டீக்கு அடுத்த கெட்டில் வைப்பார்கள்.

ஐரோப்பியக் கோப்பை, அதாவது இப்போதைய சாம்பியன்ஸ் லீக், என்று வந்தால் கத்தி உறையில் இருக்காது. லிவர்பூல் 6, யுனைடெட் 3. மருமகன் இதை எண்ணில்கூடச் சொல்வதில்லை, ஆறு விரலைக் காட்டுவார், அதில் ஒன்றில் சீப்பு மாட்டியிருக்கும். பெரியவருடைய ஆட்சேபம்: 2005-லும் 2019-லும் லிவர்பூல் அந்தப் போட்டிக்குள் நுழைந்ததே முந்தைய சீசனில் நான்காம் இடம் பிடித்து. "நாலாவது வந்தவனுக்கு சாம்பியன்ஸ் லீக்கில் என்ன வேலை?" மருமகன்: "நீங்கள் வென்ற 1999? முந்தைய வருஷம் சாம்பியன் ஆர்சனல். நீங்கள் இரண்டாவது." பெரியவர்: "இரண்டு வேறு, நாலு வேறு." எவர்டன்காரர்: "1977-இல் ஒன்பது ஆட்டம் ஆடினால் கோப்பை. 2019-இல் பதின்மூன்று ஆட்டம். இரண்டும் ஒன்றா?" இதில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டை வேறு இழுப்பார்கள், ஒரே ஒரு லீக் பட்டம், ஆனால் 1979, 1980 என்று அடுத்தடுத்து இரண்டு ஐரோப்பியக் கோப்பை. ஐரோப்பாவை மட்டும் எண்ணினால் ஃபாரஸ்ட் எவர்டனுக்கு மேலே, ஆர்சனலுக்கு மேலே. லீக்கை மட்டும் எண்ணினால் ஹடர்ஸ்ஃபீல்டுக்குக் கீழே. ஹடர்ஸ்ஃபீல்டு 1924, 25, 26 என்று தொடர்ந்து மூன்று வென்றது. அதில் முதலாவதில் கார்டிஃப்போடு புள்ளி சமமாகி, கோல் சராசரியில் இழையில் தப்பித்தது.

எனக்கு மிகவும் பிடித்த கதை 1915. பெரிய வெள்ளிக்கிழமை, ஏப்ரல் 2, ஓல்டு டிராஃபோர்டு. யுனைடெட் 2, லிவர்பூல் 0. இரண்டு அணி ஆட்டக்காரர்களும் கூடிப் பேசி, 2-0 என்று ஏழுக்கு ஒன்று பந்தயம் கட்டிவிட்டு ஆடிய ஆட்டம். விசாரணை முடிந்து லிவர்பூல் தரப்பில் நான்கு பேருக்கும் யுனைடெட் தரப்பில் மூன்று பேருக்கும் ஆயுள் தடை. கிளப்புகளுக்கு ஒன்றுமில்லை, புள்ளியும் கழிக்கவில்லை. அந்த சீசனில் யுனைடெட் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் இறங்கவேண்டிய கடைசி இரண்டு இடத்துக்கு மேலே நின்றது. மாமனாரும் மருமகனும் ஒன்றுபோல வாயை மூடிக்கொள்கிற ஒரே விஷயம் இது. அந்த வருஷ லீக் சாம்பியன் யார் என்று கேட்டுப் பாருங்கள். எவர்டன். "நீங்கள் ரெண்டு பேரும் கூட்டுத் திருட்டு பண்ணிக்கொண்டிருந்தபோது நாங்கள் கோப்பை வாங்கிக்கொண்டிருந்தோம்" என்று தபால்காரர் எழுந்து நின்று சொல்வார். வருஷத்துக்கு ஒரு தடவை, பெரிய வெள்ளிக்கு முந்தின நாள், தவறாமல்.

சரி, கரும்பலகைக்கு வருகிறேன். 2020-இல் காலி மைதானத்தில் கோப்பை வாங்கியபோது 18 என்பது 19 ஆனது. ஊரடங்கு முடிந்து கடை திறந்த அன்று முதல் வேலையாக மருமகன் அதைத்தான் மாற்றினாராம், முடி வெட்டுவதற்கு முன்னால். 2025 ஏப்ரல் 27 ஞாயிற்றுக்கிழமை ஸ்பர்ஸை 5-1 என்று அடித்து லிவர்பூல் இருபதாவதை எடுத்தது. செவ்வாய்க்கிழமை நான் போனபோது பலகையில் 20 – 20. பெரியவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். யுனைடெட் அந்த சீசனில் பதினைந்தாம் இடம்.

"சரி. லீக் சமம். மற்றதை எண்ணுவோம்" என்றார். முறையைச் சொல்லுங்கள் என்றோம். "அதிகாரபூர்வமாகக் கொடுத்த எல்லாக் கோப்பையும். ஷீல்டு உட்பட."

ஷீல்டு என்றதும் மருமகன் சிரித்துவிட்டார். சீசன் தொடங்கும்முன் லீக் சாம்பியனும் எஃப்.ஏ. கோப்பைக்காரரும் ஆடுகிற ஒரே ஆட்டம். ஜெயித்தால் கோப்பை, தோற்றால் நட்பு ஆட்டம் என்பார்கள். ஆனால் முறையைச் சொல்லியாகிவிட்டது. விலைப்பட்டியல் அட்டையின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார்கள், நான் துணி போர்த்தி அரைத் தலையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். லிவர்பூல்: லீக் 20, எஃப்.ஏ. கோப்பை 8, லீக் கோப்பை 10, ஐரோப்பியக் கோப்பை 6, யூஃபா கோப்பை 3, சூப்பர் கோப்பை 4, உலக கிளப் கோப்பை 1. கூட்டினால் 52. யுனைடெட்: அதே வரிசையில் 20, 13, 6, 3, யூரோப்பா லீக் 1, கப் வின்னர்ஸ் கோப்பை 1, சூப்பர் கோப்பை 1, 1999-இல் டோக்கியோவில் வாங்கிய இன்டர்கான்டினென்டல் 1, உலக கிளப் கோப்பை 1. கூட்டினால் 47. இப்போது ஷீல்டு. லிவர்பூல் 16. யுனைடெட் 21.

68. 68.

மருமகன் இரண்டு தடவை கூட்டிப்பார்த்தார். எவர்டன்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது தடவை கூட்டினார். மாறவில்லை. பெரியவர் என் தலைக்குத் திரும்பினார், ஆனால் கை வேலையில் இல்லை, யோசித்துக்கொண்டிருந்தார் என்பது கத்தரிச் சத்தத்திலேயே தெரிந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "அந்தக் காலத்தில் ஷீல்டு சமனில் முடிந்தால் ஆளுக்கு ஆறு மாதம் வைத்துக்கொள்வார்கள். அதை எப்படி முழுசாக எண்ணுவது? பாதிதானே?"

பாதி. லிவர்பூல் பங்குபோட்டது ஐந்து, யுனைடெட் பங்குபோட்டது நான்கு. அதில் 1965, 1977, 1990 மூன்றும் இவர்கள் இருவருமே ஒருவரோடொருவர் பங்குபோட்டுக்கொண்டது. ஐந்தின் பாதி இரண்டரை, நான்கின் பாதி இரண்டு. லிவர்பூல் 65½. யுனைடெட் 66. அரைக் கோப்பையில் யுனைடெட் முன்னால். அந்த அரையைச் சாக்பீஸால் எழுதும்போது பெரியவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், 1999 இரவில்கூட அப்படி இருந்திருக்குமா தெரியாது.

மருமகன் இரண்டு நாள் தூங்கவில்லை போலிருக்கிறது. அடுத்த வாரம் 1986-ஐத் தோண்டி எடுத்துக்கொண்டு வந்தார். ஐரோப்பாவுக்குப் போக முடியாத கிளப்புகளுக்காக லீக் ஒரே ஒரு தடவை நடத்திய சூப்பர் கோப்பை. இறுதியில் எவர்டனைத் தோற்கடித்து லிவர்பூல் வாங்கியது. அதுவும் அதிகாரபூர்வமாகக் கொடுத்ததுதானே? அப்போ 69 – 68. பாதிக் கணக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன், ஆறு மாதம் அலமாரியில் இருந்தாலும் இருந்ததுதான் என்கிறார். ஆகஸ்டில் ஷீல்டில் லிவர்பூல் கிரிஸ்டல் பேலஸை வென்றிருந்தால் பெரியவர் கணக்கிலும் முந்தியிருக்கும். பெனால்டியில் தோற்றது. அன்றைக்குப் பெரியவர் கடையில் எல்லாருக்கும் பிஸ்கட் வாங்கிவைத்தாராம்.

இனி மதிப்பீடு. கடை விதிப்படி முறையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கும் இதில் சங்கடம் இருக்கிறது.

பெரியவருக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. 2019-இல் கடவுச்சீட்டுப் புகைப்படத்துக்கு அவர் வெட்டிவிட்ட வெட்டுதான் என் வாழ்க்கையிலேயே சிறந்தது. இப்போதும் அந்தப் படத்தைப் பார்த்தால் கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கும். போன மூன்று தடவையும் இடது கிருதா வலதைவிட ஒரு நூல் மேலே இருக்கிறது. மூன்றாவது தடவை வீட்டுக்கு வந்து நானே சரிசெய்யப் போய், இரண்டும் காதுக்கு மேலே ஏறிவிட்டன. ஏழு வருஷத்தையும் எண்ணி நட்சத்திரம் போடுவதா, கடைசி மூன்றை எண்ணிப் போடுவதா? ஏழு வருஷம் என்றால் ஐந்து. கடைசி மூன்று என்றால் மூன்று. புதிதாகப் போகிற உங்களுக்கு 2019 வெட்டினால் ஒரு பயனும் இல்லை என்று எனக்குத் தெரிகிறது. ஆனாலும் அதைப் பூஜ்யமாக்க என் பையனால் முடியும், என்னால் முடியவில்லை.

மூன்றரை. அந்த அரை, ஷீல்டு மாதிரி, ஆறு மாதத்துக்குத்தான். அப்புறம் திரும்பிவந்து பார்க்கிறேன்.

மருமகனுக்குத் தனியாக நான்கு. பேச்சு நிறைந்தாலும் அவர் மெஷின் நிற்பதில்லை.

விலை: பெரியவர்களுக்கு 12 பவுண்டு, குழந்தைகளுக்கும் ஓய்வூதியக்காரர்களுக்கும் 9. அட்டை கிடையாது, ரொக்கம் மட்டும். முன்பதிவு கிடையாது, உள்ளே நுழைந்ததும் உங்களுக்கு முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள், தபால்காரரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஞாயிறு, திங்கள் விடுமுறை. புதன் மதியத்தோடு மூடிவிடுவார்கள். சனிக்கிழமை போனால் ஒன்றரை மணி நேரம் ஆகும், அதில் முடிவெட்டு இருபது நிமிடம். டீக்குக் காசு வாங்கமாட்டார்கள், பால் நிறைய ஊற்றுவார்கள், சொல்லிவையுங்கள்.

போகும்முன் ஜன்னல் வழியாகக் கரும்பலகையைப் பாருங்கள். 66 – 65½ என்று இருந்தால் பெரியவர் உள்ளே இருக்கிறார். 69 – 68 என்று இருந்தால் அவர் சாப்பிடப் போயிருக்கிறார். கிருதா முக்கியம் என்றால் அந்த நேரமாகப் பார்த்துப் போய், உள் நாற்காலியில் உட்கார்ந்துவிடுங்கள்.